கயல் உட்காரும் கடைசி வரிசை

மதி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "வண்டி என்னுது, ஓட்டப்போறது நானு. உங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு பயம்?" கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். பின்னால் கயல் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். நான் "ஒண்ணுமில்லப்பா, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டேன். வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே சம்பளம் வாங்கியவள், உன்னுடைய ஒரு கேள்விக்குப் பதில் வராமல் போனை வைத்தேன். அந்தப் பதிலைப் போனில் சொன்னால் பாதியில் நீ "சரி சரிம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன். பள்ளி வேன் ஓட்டும் மற்ற வீட்டுப் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படித்தால் எனக்கு வருத்தமில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் எரிகிற அந்த மஞ்சள் விளக்கு உன் வேனில் மட்டும் எரிவதில்லை.

என் பயத்தை முதலில் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை உன் மச்சான் செல்வத்தின் பட்டறைக்கு வேனைக் கொண்டுபோய், எக்சோஸ் குழாயில் இருக்கும் பில்டரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்து வெல்டிங் பண்ணப் போகிறாய். டீசல் புகையில் இருக்கும் கரித்தூளைப் பிடித்து வைப்பது அந்த பில்டர்தான். அது போன பிறகு, திங்கட்கிழமை காலை ரவாங்கில் ஒவ்வொரு குடியிருப்பாக, தாமான் தாமானாக நுழைந்து பிள்ளைகளை ஏற்றுவாய். கடைசி வரிசையில், ஜன்னல் ஓரத்தில், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் உன் மகள் இருப்பாள். இளைப்பு நோய் இருக்கிற பிள்ளை. இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் நீ மறுபடியும் சிரிப்பாய். என் வகுப்பில் எதையும் உதாரணம் இல்லாமல் நான் சொன்னதில்லை, உனக்கும் அப்படியே சொல்கிறேன்.

வேன் வந்த நாளை நினைத்துப் பார். ஷோரூமில் சாவியை வாங்கப் போனபோது உன் அப்பா கையில் எலுமிச்சம்பழப் பையோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "டேய், ராகு காலம் வந்துரும்டா, சீக்கிரம் வாங்கிட்டு வா!" அங்கே வேலை செய்யும் அந்த மலாய்ப் பெண், சின்னப் பெண்தான், ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் ஒவ்வொரு விளக்காகக் காட்டிப் பொறுமையாக விளக்கினாள். நீ "ஓகே, ஓகே" என்று தலையை ஆட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாய். அவள் மஞ்சள் விளக்குக்கு வந்தபோது அப்பா ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனையே அடித்துவிட்டார். நான் பின்னால் நின்றதால் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. இந்த விளக்கு எரிந்தால் வண்டி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, பில்டரில் கரி சேர்ந்திருக்கிறது, நல்ல ரோட்டில் ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் விடாமல் ஓட்டினால் பில்டர் சூடாகி அந்தக் கரியை அதுவே எரித்துவிடும், விளக்கு அணைந்துவிடும் என்றாள். அதற்குள் நாம் எல்லாரும் வண்டிக்குள் இருந்தோம்.

ரோட்டோர முனீஸ்வரர் கோயிலில் நான்கு டயருக்கும் பழம் வைத்து, மாலை போட்டு, பழத்தை நசுக்கி வண்டியை முன்னால் எடுத்தாய். எல்லாரும் முன்பக்கம் நின்று கும்பிட்டார்கள். நான் பின்பக்கம் போய் எக்சோஸ் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் சுத்தமாக வந்தது. "பாருங்கடா, உங்கம்மா வண்டிக்கு மூக்கு நோண்டி விடுறா" என்று அப்பா கத்த, பூசாரிகூடச் சிரித்துவிட்டார். அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நான் வேலை செய்த தோட்டப் பள்ளிக்கூடத்தின் வேலியை ஒட்டித்தான் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் எண்ணெய் ஆலைக்குப் போகும். ஒவ்வொரு வருஷமும் என் பிள்ளைகள் வெள்ளை அட்டையில் வாஸ்லைன் களிம்பு தடவி, ஒன்றை ரோட்டோர வேலியிலும் இன்னொன்றைப் பள்ளிக்குப் பின்னாலும் தொங்கவிடுவார்கள். வெள்ளிக்கிழமை எடுத்துப் பார்த்தால் வேலியோர அட்டை அடுப்புக்கரியில் துடைத்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் இது. குழாய்க்குள் விட்ட விரல் வெள்ளையாக வருகிற ஒரு டீசல் வண்டியைப் பார்க்க எனக்கு இவ்வளவு வயது ஆகியிருக்கிறது.

அந்த விரல் ஏன் சுத்தமாக வந்தது? எண்ணெய் அடிக்கும்போது யூரோ ஃபைவ் டீசல் என்று பம்பில் எழுதியிருப்பதைப் பார்க்கிறாய் அல்லவா, அந்த யூரோ என்பது புது வண்டிகளுக்கு வைக்கிற பரீட்சையின் பெயர். வர வரப் பரீட்சை கடினமாகிறது. ஒரு மாடல் விற்பனைக்கு வருவதற்கு முன்னால் அதில் ஒரு வண்டியைப் பெரிய உருளைகள் மேல் ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. எக்சோஸில் வருவதைப் பையில் பிடித்து அளப்பார்கள், கரித்தூளை வடிதாளில் பிடித்து எடை போடுவார்கள். குளிர்ந்த இஞ்சினை முடுக்கிய அந்த முதல் நொடியிலிருந்தே கணக்கு ஆரம்பித்துவிடும், ஏனென்றால் அப்போதுதான் புகை அதிகம். சட்டம் வைத்திருக்கிற அளவைத் தாண்டினால் அந்த மாடல் விற்பனைக்கு வராது. அந்தப் பரீட்சையில் தேறுவதற்காகத்தான் உன் வேனின் வயிற்றுக்கடியில் அந்த பில்டரை வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்குப் பயம் பிடிக்கிறது. அந்தப் பரீட்சை புது வண்டிக்குத்தான். நம்பர் பிளேட் மாட்டிய பிறகு அந்த உருளைகள் மேல் உன் வேனை யாரும் ஏற்றப் போவதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பிக் கேட்டுவிட்டு, அவன் சரியாகச் சொன்னதால் மற்ற எல்லாருக்கும் தெரியும் என்று நான் நம்பி நடப்பது மாதிரி, அந்த மாடலில் ஒரு வண்டியை அளந்துவிட்டு மற்றவற்றையெல்லாம் ரோட்டில் விடுகிறார்கள். அந்த நம்பிக்கை கடைசியில் வந்து நிற்பது வண்டிக்காரன் கையில். பள்ளி வேனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிறதே என்பாய். அதற்கு செல்வம் என்ன சொன்னான் என்று உனக்குத் தெரியும். "எடுத்த பில்டரைப் பத்திரமா வெச்சிக்குவோம் அத்த. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மொத நாள் மாட்டுவோம், மறுநாள் கழட்டிருவோம்." எவ்வளவு லேசாகச் சொன்னான்! என் வகுப்பில் ஒரு பையன் இன்ஸ்பெக்டர் வருகிற நாளுக்கு மட்டும் அண்ணனின் சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு வருவான். அதில் யாருக்கும் மூச்சு முட்டவில்லை.

பள்ளி விடுமுறைக்கு முன் நான் உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு நாள் காலை உன்னோடு வேனில் வந்தேனே, அன்றுதான் அந்த மஞ்சள் விளக்கை முதல் தடவையாக எரியப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, பிள்ளை சப்பாத்து மாட்டும் வரை காத்திருந்து, நான்கு வீடு தள்ளி மறுபடி நிறுத்தி, பள்ளிக்கூட வாசல் ஜேமில் ஊர்ந்து... உன் வண்டிக்குச் சூடேற நேரமே கிடைப்பதில்லை. விளக்கு எரிந்ததும் ஸ்டியரிங்கைத் தட்டினாய். "இந்தச் சனியன் வந்தா வண்டி இழுக்காதும்மா." நான் ஷோரூம் பெண் சொன்னதைச் சொன்னேன். "அதெல்லாம் சேல்ஸ் பேச்சு. சும்மா ரோட்டுல சுத்துறதுக்கு எண்ணெய் என்ன தண்ணியா?" என்றாய். அப்படியே செல்வத்துக்குப் போன் போட்டாய். ஸ்பீக்கரில் அவன் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. "கொண்டா மச்சான், வெட்டிப் போட்டுருவோம். அப்புறம் பாரு, வண்டி பறக்கும் லா!" பின்னால் இருந்த பிள்ளைகள் எல்லாம் "பறக்கும் லா! பறக்கும் லா!" என்று கத்தினார்கள். கயல்தான் சத்தமாகக் கத்தினாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஏனென்றால் அதற்கு முன்னாலேயே நம் சொந்தக்காரப் பையன் ராசாவின் கல்யாணம் நடந்திருந்தது. நீ அன்று வேலையிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்தாய். நாங்கள் எல்லாரும் செல்வத்தின் வேனில் போனோம். அவன் வேனில் பில்டரை எடுத்து வெகு நாளாகிறது, பின்கதவு ரப்பரும் வெடித்திருக்கிறது. அப்பாவும் நானும் நடுவில், உன் மனைவியும் கயலும் கடைசி வரிசையில். வழியில் நல்ல ஜேம். ஏர்கோன் போட்டு ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. எனக்கு லேசாக வாடை அடித்தது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சம்பந்தி வீட்டுப் பிள்ளை, நல்ல மனதோடு நம்மை ஏற்றிக்கொண்டு போகிறான், அவன் வண்டியில் உட்கார்ந்துகொண்டு அவன் வண்டியையே குறை சொல்வது எப்படி? கயல் தூங்கிவிட்டாள் என்று நினைத்தோம். மண்டபத்தில் இறக்கும்போதுதான் பார்த்தேன், தூக்கம் இல்லை அது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய் வந்தது. உதடு வெளுத்திருந்தது. "பாட்டி" என்றாள், அதற்கு மேல் காற்று இல்லை. பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மண்டபத்திலிருந்து நீ அங்கே வந்து சேர்ந்தபோது அவள் முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்து வைத்து முடித்திருந்தார்கள். நீ பார்த்தது எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்ட கயலை. நான் பார்த்த கயலை நீ பார்க்கவில்லை. நம் இருவருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் அதுதான், வேறொன்றும் இல்லை.

அது செல்வத்தின் வண்டிப் புகையால்தான் வந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். டாக்டரும் சொல்லவில்லை. சளி, கல்யாண வீட்டு ஊதுபத்தி, ஏர்கோன், எதனாலும் வரலாம் என்றார். ஆனால் அன்றிலிருந்து அவள் போனில் பேசும்போது நான் அவள் சொல்வதைக் கேட்பதில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அவள் மூச்சு வாங்குவதைத்தான் கேட்கிறேன். "பாட்டி, நான் சொன்னது என்ன? சொல்லுங்க பார்ப்போம்" என்று அவள் கேட்டால் முழிக்கிறேன். இதைப் பயம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

உன் வேனின் பின்கதவு புதுசு, ரப்பர் வெடிக்கவில்லை, புகை உள்ளே வராது என்று நினைப்பாய். ஒரு உதாரணம் சொல்கிறேன். மழையில்லாத நாளில் எந்த வேனையாவது பார். முன் கண்ணாடியைவிடப் பின் கண்ணாடியில்தான் தூசி அப்பியிருக்கும். பின்னால் போகிற தூசி ஏன் திரும்பி வந்து ஒட்டுகிறது? வண்டி முன்னால் ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று திரும்பி வருகிறது. தூசியோடு புகையும் அந்தச் சுழலில்தான் வரும். நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை கதவைத் திறந்து மூடுகிறாய்? இஞ்சினை ஓடவிட்டபடி எத்தனை வாசலில் நிற்கிறாய்? பிள்ளைகள் வரிசையாகப் பின்னாலிருந்துதான் நடந்து வருகிறார்கள். எக்சோஸ் குழாய் உன் முழங்காலுக்குக் கீழே. அவர்கள் மூக்கு அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார். வண்டி ஓட்டுகிறவன் எப்போதும் முன்னால் இருக்கிறான், புகை எப்போதும் பின்னால் இருக்கிறது. அதனால்தான் கெட்டவர்கள் யாரும் இல்லாமலே இந்தக் கெட்ட காரியம் நடக்கிறது. செல்வம் நல்லவன். தன் வண்டியின் கடைசி வரிசையில் அவன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

தோட்டத்து லோரியின் கறுப்புப் புகையைக் கண்டால் நாங்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வோம். தெரிந்தது, அதனால் ஒதுங்கினோம். உன் வேனில் பில்டரை எடுத்தாலும் அந்த மாதிரிக் கறுப்பாக வராது, எப்போதாவது ஒரு தடவை குப்பென்று வரும். மற்ற நேரத்தில் வருவது கண்ணுக்கே தெரியாத பொடி. பெரிய துகள் மூக்கு முடியில் சிக்கும், இருமினால் வெளியே வரும். இந்தப் பொடி நெஞ்சின் கடைசி அறை வரை போய் உட்காரும். பார்க்க முடியாததற்கு எப்படி முந்தானை பிடிப்பேன், சொல்.

உனக்கும் ஒரு பயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விளக்கு எரிந்தபடியே விட்டால் ஒரு நாள் வண்டி இழுக்காமல், ரவுண்டபவுட்டில் பின்னால் சிமெண்ட் லோரி வர, பிள்ளைகளோடு நடு ரோட்டில் நிற்குமே என்ற பயம். அது நியாயமான பயம். அதை நான் வேண்டாத பேச்சு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மருந்து பில்டரை வெட்டுவது அல்ல, வண்டியை ஓட்டுவதுதான். அந்தப் பெண் சொன்னதை ஒரு தடவைகூடச் செய்து பார்க்காமல் கத்தியை எடுக்கிறாய். ஓட்டியும் விளக்கு அணையவில்லை என்றால், வண்டி வாங்கிய இடத்துக்கே கொண்டுபோய்க் காட்டு. அவர்கள் கம்ப்யூட்டரை மாட்டிச் சுத்தம் பண்ணுவார்கள். அதற்குக் கொஞ்சம் செலவாகும் என்றால் நாம் பேசிக்கொள்ளலாம்.

அப்பா என்ன சொன்னார் என்று கேட்பாய். முதலில் அவர் செல்வத்தின் பக்கம்தான். "புகை விடாத டீசல் வண்டி, மீசை இல்லாத ஆம்பளை மாதிரி" என்று வழக்கம் போலப் பேசினார். காலமெல்லாம் குலை லோரி ஓட்டியவர், அவரை நான் எங்கே மாற்றுவது? போன வாரம் செல்வம் நம் வீட்டுக்குப் பலாப்பழம் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வேனை ஓடவிட்டபடியே வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தான். நான் கயலுடைய பழைய வெள்ளைக் காலுறை ஒன்றைக் கம்பில் மாட்டி, அவன் பேசி முடிக்கும் வரை எக்சோஸுக்கு நேராகப் பிடித்தேன். "அத்த, என்ன, மீன் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டான். காலுறையை எடுத்து அப்பாவிடம் காட்டினேன். அதன் நுனி அந்த வேலியோர அட்டை மாதிரி இருந்தது. செல்வம் கொஞ்சம் அசடு வழிந்தான். அப்பாவின் காலை இருமல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், இந்த வீட்டில் எல்லாருக்கும் அதுதான் அலாரம். அவர் காலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சின்னக் கால்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு உள்ளே போய் தன் வண்டி லைசென்ஸைத் தேடி எடுத்து, இன்னும் செல்லுமா என்று பார்த்தார். செல்லும்.

எனக்கு வயதாகிறது, மதி. வயதானவர்கள் எல்லாவற்றுக்கும் பயப்படுவார்கள் என்று நீ நினைக்கலாம். மழைக்கும், வழுக்கும் தரைக்கும், போன் எடுக்காத பிள்ளைக்கும் நான் பயப்படுவது உண்மைதான். அவையெல்லாம் வந்து போகிற பயம். இது சனிக்கிழமையை நோக்கி நடந்து வருகிற பயம். வெட்டிவிட்டால் நீ மறுபடி ஒட்ட மாட்டாய், அது எனக்குத் தெரியும். வண்டி பறக்கும், உனக்கு அது பிடித்துப்போகும், கயல் கைதட்டுவாள்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை விடியற்காலையில், பட்டறைக்குப் போகாமல், காலி வேனோடு இங்கே கோல சிலாங்கூருக்கு வா. சாவியை அப்பாவிடம் கொடு. தஞ்சோங் காராங் தாண்டிப் போகும் நேர் ரோட்டில், மஞ்சள் விளக்கு அணையும் வரை அவர் ஒரே வேகத்தில் ஓட்டட்டும். நீ முன்னால் உட்காராதே. கடைசி வரிசையில், ஜன்னல் ஓரத்தில், கயல் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து வா.